அடிபம்பும் அலுமினியப் பாத்திரமும்

பூலாம்பாடி பக்கம் டிவிஎஸ் 50-ல் பாத்திரம் கட்டிக்கொண்டு வருபவரைப் பார்த்திருப்பீர்கள். பழைய துணிக்கு ஒரு குண்டான், இல்லையென்றால் வாரத் தவணை. திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசியே வாங்க வைத்துவிடுவார். இதே மாதிரி வீடு வீடாகப் பாத்திரம் விற்ற ஒருவர்தான் பின்னாளில் அமெரிக்காவின் பிரபலமான தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஆனார். ஜிக் ஜிக்லர். (பெயரைக் கேட்டு சிரிக்க வேண்டாம். முழுப்பெயர் ஹிலரி ஹின்டன் ஜிக்லர்.)

1926-ல் அலபாமாவில் பிறந்தார். 12 பிள்ளைகளில் 10-வது. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். இரண்டே நாளில் தங்கையும் போய்விட்டாள். 1947-ல் வேர்எவர் என்ற அலுமினியப் பாத்திரக் கம்பெனிக்கு விற்பனையாளர் ஆனார். ஒரு வீட்டில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, அந்தப் பாத்திரத்திலேயே சமைத்துப் போட்டு விற்க வேண்டும். இரண்டரை வருடம் வியாபாரம் படுத்துக் கிடந்தது. முதல் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரி பில் 64 டாலர். கையில் காசில்லை. ஓடிப்போய்ப் பாத்திரம் விற்று வந்துதான் கட்டினாராம். மேடையில் அவரே சொன்ன கதை இது.

பி.சி.மெரில் என்ற மேலதிகாரி ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "உன் திறமையை வீணாக்குகிறாய்" என்ற பொருளில் நாலு வார்த்தை பேசினார். அதற்குப் பிறகுதான் எல்லாம் மாறியது என்பார் ஜிக்லர். திட்டுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இப்படிக் கூப்பிட்டுச் சொல்ல எத்தனை பேர்?

1975-ல் வந்த 'சீ யூ அட் த டாப்' அவருடைய முதல் புத்தகம். அதில் ஒரு வேடிக்கை. தான் 37 பவுண்டு எடை குறைத்ததாக எழுதிவிட்டார். எழுதும்போது ஒரு பவுண்டுகூடக் குறையவில்லை! புத்தகம் அச்சுக்குப் போவதற்குள் பொய்யை மெய்யாக்க வேண்டுமே... பத்து மாதம் ஓடி ஓடி 202-லிருந்து 165-க்கு வந்தார்.

அவர் மேடைக்குக் கொண்டுவரும் முக்கியமான பொருள் ஒரு அடிபம்பு. முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பிறகு விடாமல் அடிக்க வேண்டும். பாதியில் விட்டால் ஏறிய தண்ணீர் இறங்கிவிடும். விடாமுயற்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆனால் நம் பெரம்பலூர்க்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். அடியில் தண்ணீர் இருக்கிறதா?

கடன் வாங்கி போர் போட்டு, வெறும் புழுதி பறந்ததைப் பார்த்த மாவட்டம் இது. அடிக்கிறவன் கையில் குறை இல்லை. செயின் மார்க்கெட்டிங் கூட்டங்களில் இதே பாணிப் பேச்சைக் கேட்டு, மாமா, சித்தப்பா, கூடப் படித்தவன் என்று சேர்த்துவிட்டு, கடைசியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாமல் நிற்கும் பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களும் விடாமல்தான் அடித்தார்கள். பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978-லேயே வந்துவிட்டது. 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டங்கள் கூடாது என்கின்றன. ஜிக்லர் விற்றது பாத்திரம். பேச்சு மறந்தாலும் பாத்திரம் அடுப்படியில் இருக்கும். ஆள் சேர்ப்பதையே சரக்காக விற்றால் என்ன மிஞ்சும்?

தமிழில் இந்த இடத்தில் இருந்தவர் எம்.எஸ்.உதயமூர்த்தி. அவரும் அமெரிக்காவில் தொழில் நடத்தியவர். 'எண்ணங்கள்' எழுதினார். 1988-ல் மக்கள் சக்தி இயக்கம் தொடங்கினார். அதே வருடம் வந்த 'உன்னால் முடியும் தம்பி' படத்தின் நாயகனுக்கு அவர் பெயர்தான். உன்னால் முடியும் என்றதோடு அவர் நிற்கவில்லை. நதிகளை இணைக்க வேண்டும் என்றும் பேசினார். பம்பு அடிக்கச் சொன்னவர் தண்ணீருக்கும் வழி கேட்டார்!

ஜிக்லர் 2007-ல் மாடிப்படியில் விழுந்தார். தலையில் அடி. சற்றுமுன் பேசியதே மறந்துவிடும். ஆனாலும் மேடையை விடவில்லை. மகள் ஜூலி பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பார், அப்பா பதில் சொல்வார். சொன்னதையே திரும்பச் சொன்னால் மகள் மெதுவாக அடுத்த கேள்விக்கு நகர்த்துவார். 2010 வரை இப்படியே போனது. 2012 நவம்பர் 28-ல் இறந்தார்.