சோடா சிலிண்டருக்குள் ஒரு கெமிக்கல் பாடம்

சித்திரை வெயிலில் விளாங்குடி பக்கம் சோடா குடிக்கிறவர்கள், அதில் கேஸ் ஏற்றுகிற சிலிண்டரைப் பற்றி யோசிப்பதில்லை. உள்ளே இருப்பது கார்பன் டை ஆக்சைடு. அழுத்தினால் திரவமாகும். ஆனால் வெப்பம் 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் என்ன அழுத்தினாலும் திரவமாகாது! 1869-லேயே பெல்ஃபாஸ்ட் பேராசிரியர் தாமஸ் ஆண்ட்ரூஸ் இதை விளக்கிவிட்டார்.

அந்தச் சூட்டோடு, காற்றழுத்தத்தைப் போல 73 மடங்கு அழுத்தமும் சேர்ந்தால் வருவதுதான் சூப்பர் கிரிட்டிக்கல் நிலை. வாயு மாதிரி இடுக்கில் நுழையும், திரவம் மாதிரி கரைக்கும். மதுரை வெயிலில் 31 டிகிரி ஒரு விஷயமா? நிறைத்து வைத்த சிலிண்டருக்குள் அந்த நிலை தானாகவே வந்துவிடும்.

சரி, இதற்கும் பிளாஸ்டிக்குக்கும் என்ன சம்பந்தம்?

பாலிமர் என்பது மல்லிகைச் சரம் மாதிரி. ஒவ்வொரு பூவும் ஒரு சின்ன மூலக்கூறு. இவற்றைக் கோக்கப் பல சமயம் ஒரு கரைப்பான் வேண்டும். வேலை முடிந்ததும் கரைப்பானைப் பிரிக்க வேண்டும், உலர்த்த வேண்டும், கழிவை எங்காவது விட வேண்டும். தலைவலியே அங்கேதான்.

1992-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டிசிமோன் குழு, ஃப்ளூரின் கலந்த பாலிமர்களை சூப்பர் கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடில் செய்து காட்டியது. முடிந்ததும் வால்வைத் திறந்தால் போதும், கரைப்பான் பறந்துவிடும். பிடித்து மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் பெரும்பாலான பாலிமர்கள் இதில் சுலபமாகக் கரையாது. அக்ரிலிக் செய்ய, 1994-ல் அதற்கென்றே சோப்பு மாதிரி ஒரு பொருளைத் தயாரிக்க வேண்டியிருந்தது.

1999-ல் டூபான்ட் கம்பெனி, வட கரோலினாவின் ஃபேயட்வில் ஆலையில் இம்முறையில் டெஃப்லான் செய்ய 4 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. அப்படியும் உலகம் முழுக்க இது பரவவில்லை. காரணம் கணக்கு. கேஸ் மலிவு, ஆனால் அழுத்தம் தாங்கும் கனமான இரும்புக் கலனும் கம்ப்ரஸரும் மலிவில்லை. தண்ணீரை வைத்துச் செய்வது செலவு குறைவு.

குறைவுதானா? 2017-ல் அதே ஃபேயட்வில் வளாகம் செய்தியில் வந்தது. அப்போது அது கெமோர்ஸ் கம்பெனி கையில். அங்கே நடந்த வேறு தயாரிப்புகளிலிருந்து ஜென்எக்ஸ் என்ற ஃப்ளூரின் ரசாயனம் கேப் ஃபியர் ஆற்றில் கலந்து, வில்மிங்டன் மக்களின் குடிநீர் வரை போயிருந்தது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புரியும். கலனின் விலை பேலன்ஸ் ஷீட்டில் வரும். ஆற்றின் விலை வராது. அதனால்தான் ஆற்றில் விடுவது எப்போதும் லாபமாகத் தெரிகிறது. வைகைக் கரையில் இருக்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?