378 ரூபாய் வண்டி

ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் பற்றி ஒரு பதிவு போடணும்னு ரொம்ப நாளா ஆசை. இன்டர்னல் பரீட்சை முடிஞ்சுது, இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை, அம்மா இன்னும் வேலை எதுவும் சொல்லவில்லை. ஆரம்பிச்சுடலாம்.

டொயோட்டா 2000ஜி.டி. என்று ஒரு கார். 1965-ல் டோக்கியோ மோட்டார் ஷோவில் காட்டினார்கள். 1967-ல் விற்பனைக்கு வந்து 1970-ல் நின்றுவிட்டது. மொத்தமே 350-ஐ ஒட்டித்தான் செய்தார்கள். ஜப்பான் கார் என்றால் சின்ன கார், சிக்கன கார் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களை வாய் பிளக்க வைத்த வண்டி. 2013-ல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் ஒன்று 10 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது.

திருநெல்வேலி ஜங்ஷனில் உட்கார்ந்துகொண்டு நமக்கு எதுக்குடா இது என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தம் இருக்கிறது. அந்தக் காரை டொயோட்டா தனியாகச் செய்யவில்லை. யமஹாவோடு சேர்ந்துதான் செய்தது. என்ஜினைத் தேற்றியது, வண்டியைப் பூட்டியது எல்லாம் யமஹா. ஆர்கன், பியானோ செய்த கம்பெனியில் இருந்து பிறந்தது என்பதால் டேஷ்போர்டின் மரவேலையும் அந்தக் குடும்பத்து வேலைதான். அதே யமஹாவின் இன்னொரு வண்டி எங்க வீட்டு வாசலில் நிற்கிறது. ஆர்.எக்ஸ். 100. 1994 மாடல். டி.என். 72.

(கார் பதிவு என்று நம்பி வந்தவர்கள் மன்னிக்கவும். அந்தக் கார் மறுபடியும் வரும், பொறுமை.)

நம்ம ஊரில் அந்தக் கால ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களைத் தேடிச் சேர்க்கிறவர்கள் அபூர்வம். இறக்குமதிக் கதவை இறுக்கிச் சாத்தி வைத்திருந்த காலம் அது. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு, இதில் எது வேணும் என்பதுதான் கேள்வி. ஜப்பான்காரன் வேகம் நம்ம நடுத்தரக் குடும்பத்துக்கு இரண்டு சக்கரத்தில்தான் வந்து சேர்ந்தது. 1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவின் ஆர்.டி. 350-ஐ ராஜ்தூத் 350 என்று இங்கே செய்தது. ஜப்பானில் 39 குதிரைத்திறன் இருந்த வண்டியை நம்ம பெட்ரோல் விலைக்குப் பயந்து 30 சொச்சமாகக் குறைத்து, முன்பக்க டிஸ்க் பிரேக்கையும் டிரம் பிரேக்காக மாற்றிக் கொடுத்தார்கள். அதுக்கே ஜனம் மிரண்டது. 1985 கடைசியில் அதன் தம்பி ஆர்.எக்ஸ். 100 வந்தது. 98 சி.சி., 11 குதிரைத்திறன், எடை 100 கிலோவை ஒட்டி. எடை கம்மி, இழுவை ஜாஸ்தி. ரகசியம் அவ்வளவுதான். 1996-ல் புகை விதிகள் இறுகியதும் நிறுத்திவிட்டார்கள். நின்ற பிறகுதான் விலை ஏற ஆரம்பித்தது.

எங்கப்பா அதை 1998-ல் செகண்ட் ஹேண்டில் 22,000 ரூபாய்க்கு வாங்கினார். ரேஸ் விட இல்லை. அப்பளம் கொண்டுவர. கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கட்டு எடுத்து, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பேட்டை வழியாக டவுனுக்கு வந்து கடை கடையாகப் போடுவார். அப்பளம் கனம் கிடையாது, ஆனால் இடத்தை அடைக்கும். அதனால் வாங்கிய ஒரே வாரத்தில் பின்பக்கச் சட்டத்தில் இரண்டு கொக்கி வெல்டிங் வைத்து ஒரு பெரிய கேரியர் மாட்டிவிட்டார். டக்குனு பிரேக் போட்டால் பாதிக் கட்டு நொறுங்கும். ஆக, ஊரிலேயே வேகமான வண்டியை ஊரிலேயே மெதுவாக ஓட்டியவர் எங்கப்பாதான் :)

பி.காம். படிக்கிறவன் என்பதால் இந்த இடத்தில் ஒரு கணக்கு. வருமான வரிக் கணக்கில் வண்டிக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம், குறைந்துசெல் மதிப்பு முறை. 22,000 ரூபாய் வண்டி 25 வருஷம் கழித்து, அதாவது 2023-ல், புத்தகத்தில் என்ன மதிப்பு? சுமார் 378 ரூபாய். அந்த 378 ரூபாய் வண்டியையும் அந்த வருஷ டிசம்பரில் ஆறு கொண்டுபோகப் பார்த்தது.

2023 டிசம்பர் 17. மழையைப் பற்றி உங்களுக்கே தெரியும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்க வீடு ஆற்றுக்குப் பக்கம், சிந்துபூந்துறையில். குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூடுவது நாங்கள் பார்த்துப் பழகியது, அதனால் யாரும் பயப்படவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி, "92 வெள்ளத்துலயே திண்ணையோட நின்னுட்டு, இங்கலாம் வராதுலே"ன்னு சொல்லிட்டுப் படுத்தாள். விடிகாலையில் ஆச்சியைக் கட்டிலோடு மாடிக்குத் தூக்கினோம்.

தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆச்சு. கீழ் அறையில் இருந்த அப்பளச் சரக்கு, அப்பா கணக்கில் 1,10,000 ரூபாய், திரும்ப உளுந்து மாவாகியிருந்தது. தினம் ஓட்டின மொபெட்டும் போச்சு. கொஞ்ச வருஷமாக எடுக்காமல் ஷெட்டில் நிறுத்தியிருந்த ஆர்.எக்ஸ்., ஹேண்டில்பார் வரை சேறு. பழைய இரும்புக்காரர் 4,000 தருகிறேன் என்றார். அப்பா சரி சொல்லப் போனார். நான்தான் தடுத்தேன்.

பாசத்தில் எல்லாம் இல்லை, உண்மையைச் சொல்லிடுறேன். இந்த வண்டி என்ன விலை போகுதுன்னு நெட்டில் பார்த்து வைத்திருந்தேன். 'சரி பண்ணி வித்தா சரக்குக் கடன்ல முக்கால்வாசி அடையும்ப்பா' என்றேன். சரக்குக் கடனுக்காக அம்மாவின் செயின் அப்போதே அடகுக்குப் போயிருந்தது.

பேட்டைப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. வண்டியைப் பார்த்ததும் சொன்னது, "தம்பி, தண்ணி வடிஞ்சாலும் சேறு வடியாது. இறக்கித்தான் பாக்கணும்." டூ ஸ்ட்ரோக்கில் என்ன சிக்கல் என்றால், பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகும். கூட வரும் ஆயில் துளிதான் கிராங்க் பேரிங்குக்குச் சாப்பாடு. மற்ற பைக் மாதிரி அது எண்ணெய்க் குளியலில் கிடக்காது. அங்கே தண்ணீர் போனால் துரு நேராக எலும்பில் பிடிக்கும்.

பிடித்திருந்தது. கிக்கர் அசையவே இல்லை. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் டீசல் ஊற்றி ஒரு வாரம் விட்டோம். ஹெட்டைக் கழற்றினால் சிலிண்டருக்குள் வளையம் போட்ட மாதிரி துரு. கியர் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தது. கிராங்கை லேத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, புது கனெக்டிங் ராடும் பேரிங்கும் போட்டு, கோணல் இல்லாமல் சேர்த்து அழுத்தினார்கள். சிலிண்டரை 0.50 ஓவர்சைஸ் போர் பண்ணி புது பிஸ்டன். டேங்குக்குள் இருந்த துருவுக்கு அண்ணாச்சி சொன்ன வைத்தியம், டீசலும் கூழாங்கல்லும் போட்டு ஆட்டுவது. கல் எடுக்க ஆற்றுக்குத்தான் போனேன். கெடுத்ததும் அதுதான், தேய்க்கக் கல் கொடுத்ததும் அதுதான்.

பத்து மாசம் ஆச்சு. கிராங்க் 4,800, ரீபோர் பிஸ்டன் 3,200, ஒயரிங் 2,400, டிங்கரிங் பெயிண்ட் 7,500, குரோம் 3,600, டயர் டியூப் 4,100, சில்லறை 2,900. ஆக 28,500. கல்லூரி விட்டதும் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜி.எஸ்.டி. என்ட்ரி போட்டுச் சம்பாதித்த காசு. காஸ்டிங் வகுப்பில் 'சங்க் காஸ்ட்' நடத்தினார்கள், தமிழில் மூழ்கிய செலவு. எங்க வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

2024 அக்டோபரில் ஒரு ராத்திரி, நாலாவது கிக்கில் பிடித்தது. தெரு முழுக்கப் புகை. அப்பா சாப்பிட்ட கையோடு வெளியே வந்தார். பத்து மாசத்தில் வண்டிப் பக்கமே வராத மனுஷன். குனிந்து கேட்டார், ஒரு நிமிஷம். "ஐட்லிங் ஜாஸ்தியா இருக்கு. கொஞ்சம் கொறைலே." அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் அம்மா சொல்லித்தான் தெரியும், கல்யாணமான புதிதில் அம்பாசமுத்திரம் ரோட்டில் அவளை உட்கார வைத்து அப்பா விட்ட வேகத்தில் முருகனை விட்டு அத்தனை சாமியையும் கூப்பிட்டாளாம். அப்பாவிடம் கேட்டேன். "போம்போது காலி வண்டிலா"ன்னார்.

2025 ஜனவரியில் கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் பார்க்க வந்தார். பழைய யமஹா சேர்க்கிறவர். விவரமான ஆள். காந்தம் கொண்டுவந்து டேங்கில் பட்டி பூசியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார். பின்பக்கம் வந்ததும் முகம் மாறியது. கேரியரின் இரண்டு கொக்கி.

"இது ஸ்டாக் கிடையாதுங்க தம்பி. இப்படியே எடுத்தா 70 தருவேன். இதை வெட்டி ராவி, பெயிண்ட் அடிச்சு ஒரிஜினலாக் குடுங்க, 85 தாரேன்."

அப்பா உடனே, "அரம் போட்டு ராவிட்டா போச்சு. ஒரு மணி நேர வேலை"ன்னுட்டார். அந்தக் கொக்கியை வைக்கச் சொன்னவரே அவர்தான். எனக்குத்தான் என்னவோ போல் ஆயிற்று. ஒரு வாரம் டைம் கேட்டு அவரை அனுப்பிவிட்டேன்.

இந்த இடத்தில் 2000ஜி.டி. திரும்ப வருகிறது. 1967-ல் வந்த 'யூ ஒன்லி லிவ் டுவைஸ்' ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக அந்த மாடலில் இரண்டு வண்டியின் கூரையை எடுத்துவிட்டார்கள். ஷான் கானரி உயரத்துக்கு அந்தக் குட்டி காருக்குள் தலை இடிக்குமாம். கம்பெனி விற்ற மாடலில் கூரையில்லாத வண்டியே கிடையாது. 'ஸ்டாக்' கணக்குப் பார்த்தால் அவை கெட்டுப்போன வண்டிகள். ஆனால் அதில் ஒன்றை டொயோட்டா தன் மியூசியத்திலேயே வைத்திருக்கிறது. யாரும் திரும்பக் கூரை போட்டு ஒரிஜினல் ஆக்கவில்லை. அந்த வண்டி என்ன வேலை செய்ததோ அதுதான் அதன் ஒரிஜினல்.

பாண்டுக்கு ஒரு நியாயம், அப்பளத்துக்கு ஒரு நியாயமா?

நியாயம் பேசினால் அப்பா கேட்க மாட்டார், கணக்குதான் கேட்பார். ஏ.எஸ். 28 என்று ஒரு கணக்கியல் தரம் இருக்கிறது. ஒரு சொத்து எவ்வளவு பெறும் என்று பார்க்கும்போது இரண்டு மதிப்பு எடுக்கணும். விற்றால் கையில் நிற்பது ஒன்று, தொடர்ந்து பயன்படுத்தினால் வரப்போவது ஒன்று. எது பெரிதோ அதுதான். மொபெட் போனதில் இருந்து அப்பா சரக்குக்கு ஆட்டோ வைத்துக்கொண்டிருந்தார், நடைக்கு 350 ரூபாய், மாசம் எட்டு நடை, 2,800. அதை ஆர்.எக்ஸ். செய்தால் முப்பது மாசத்தில் 85,000-ஐ ஒட்டி வந்துவிடும். பேப்பரில் எழுதி நீட்டினேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "பெட்ரோலு யாரு, ஒங்க தாத்தாவா போடுவாரு?"

மாட்டிக்கொண்டேன். பெட்ரோல், டூ டி ஆயில் எதையும் நான் கழிக்கவில்லை. மறந்து இல்லை, வேணும்னேதான் விட்டேன். அதைக் கழித்தால் அறுபது மாசத்துக்கும் மேலே போகும். அது அவருக்கும் தெரிந்தது. பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சனிக்கிழமை லோடு இருக்கு. காலைல ஆறு மணிக்கு எடுத்து வையி."

வண்டியை விற்கவில்லை. நல்ல முடிவு என்று சத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவின் செயின் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. வட்டியை நான் கட்டுகிறேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கல்யாண வீட்டுக்குப் போகும்போது கழுத்தில் கவரிங் போடுவதைப் பார்த்தால் என் 'பயன்பாட்டு மதிப்பு' தொண்டையில் நிற்கிறது. இந்த வருஷத்துக்குள் மீட்டுவிடணும்.

கடைசியாக ஒரு தகவல். 2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு, தனி நம்பர் பலகை. இரண்டு நிபந்தனை. வண்டி பழைய வடிவத்திலேயே இருக்கணும், சேசிஸில் கைவைத்திருக்கக் கூடாது. அன்றாடப் போக்குவரத்துக்கோ தொழிலுக்கோ ஓட்டவும் கூடாது. எங்க வண்டிக்கு 50 வயசு ஆவது 2044-ல். அன்றைக்கு எனக்கு 39. கொக்கி இருப்பதால் அந்தப் பட்டம் கிடைக்காது, அப்பளம் ஏற்றுவதால் இன்னமும் கிடைக்காது. பரவாயில்லை.

பின்குறிப்பு: வெள்ளத்தில் இடது பக்க சைடு கவர் ஆற்றோடு போய்விட்டது. இப்போது இருப்பது டூப்ளிகேட், ஆடுகிறது. சென்னை புதுப்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் யாராவது ஒரிஜினல் பார்த்தால் சொல்லுங்கள். இடது பக்கம் மட்டும் போதும்.