பாம்பில் இரண்டு சத்தம்

கனடாவின் மார்க்கம் நகரில் பனி கொட்டிய ஞாயிறு. ஆறு வயது மகள் சீரியல் பெட்டியை வெட்டி எழுத்தட்டைகள் செய்தாள். விதியும் அவளுடையதே: எடுத்த எழுத்தில் தொடங்கும் பொருளை வீட்டுக்குள் தேடித் தொட வேண்டும்.

‘ப’ வந்தது. பானையைத் தொட்டாள். பொம்மைப் பாம்பைத் தொட்டவள் நின்றுவிட்டாள்.

“அம்மா, பாம்பில முன்னுக்கு ஒரு சத்தம், பின்னுக்கு வேற சத்தம் கேக்குதே?”

மெல்லினத்தை அடுத்த வல்லினம் அதிர்ந்து ஒலிக்கும். நான் அதைச் சொல்லித் தந்ததே இல்லை! பந்து, வண்டி, தங்கம் என்று தேடித் தேடிச் சேர்த்தோம்.

2022இல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணையத்தின் அறிக்கை வலியுறுத்தியபின், பள்ளிகளின் 2023 ஆங்கிலப் பாடத்திட்டத்தில் எழுத்தொலி வழி வாசிப்புக்கு முக்கிய இடம் கிடைத்தது. பள்ளியில் தீட்டிய காதுதான் தமிழையும் கேட்கிறது என்று நம்புகிறேன்.

‘ழ’வில் தொடங்கும் சொல் இல்லையாம். வாழைப்பழத்தோடு வந்து நிற்கிறாள், விதியை மாற்ற.