அறுபதுக்கு நாற்பது

லண்டனில் பச்சை குத்தும் தொழிலுக்குப் போன தமிழ்ப் பிள்ளைகளை எந்தக் கல்யாண வீட்டில் கண்டாலும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, மாசம் எவ்வளவு சம்பளம்?" என்பதுதான். பதில் சொல்ல அவர்கள் தடுமாறுவார்கள். மறைப்பதற்காக அல்ல, சம்பளம் என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. "சிக்ஸ்டி ஃபோர்ட்டி, மாமா" என்பார்கள். கேட்டவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார்.

அந்தக் காலத்தில் மினிகேப் ஓடிய மாமாக்களுக்கு மட்டும் இது சட்டென்று பிடிபடும். கார் தன்னுடையது, பெற்றோல் தன்னுடையது, ஓட்டம் அனுப்புகிற அலுவலகத்துக்கு வாரவாடகை. ஓட்டம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வாடகை கட்டியாக வேண்டும். டாட்டூக் கடையின் நாற்காலியும் ஏறக்குறைய அப்படித்தான்.

பிரிட்டனின் டாட்டூக் கடைகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஊழியர்கள் அல்லர்; சுயதொழிலாளர்கள். கட்டட வாடகை, மின்சாரம், கை கழுவும் தொட்டி, பாவித்த ஊசிகளைப் போடும் மஞ்சள் பெட்டி, அதை அள்ளிச் செல்லும் நிறுவனத்தின் பில் எல்லாம் கடைக்காரர் பொறுப்பு. இயந்திரமும் ஊசியும் பெரும்பாலும் கலைஞர் கொண்டுவருவது. கையுறையும் மையும் யார் வாங்குவது என்பது கடைக்குக் கடை மாறும். மனஸ்தாபம் பல இடங்களில் இந்தக் கையுறைப் பெட்டியில்தான் தொடங்குகிறது.

கடைக்காரருக்குப் பணம் போகும் வழி இரண்டு. ஒன்று பங்கு: வாடிக்கையாளர் கொடுப்பதில் கலைஞருக்கு 60, கடைக்கு 40 என்பது பரவலான வழக்கம். புதியவருக்குப் பாதிக்குப் பாதி. பெயர் எடுத்தவர் 70 வீதம் கேட்டு வாங்குவார். மற்றது நாற்காலி வாடகை. எது நல்லது என்று பொதுப்படையாகப் பேசுவதைவிட ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாடகை வாரம் 300 பவுண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் 1,500 பவுணுக்கு வேலை செய்தவர் பங்குமுறையில் 600 பவுணைக் கடைக்கு விட்டுவிடுவார். வாடகை என்றால் 300 மட்டும். அதே ஆளுக்கு ஜனவரிக் குளிரில் 400 பவுணுக்குத்தான் வேலை வந்தது என்றால், பங்குமுறையில் கையில் 240 மிஞ்சும். வாடகை கட்டினால் 100. இரண்டும் சமப்படும் இடம் 750 பவுண். வாரா வாரம் அதைத் தாண்டுகிறவர் இன்னமும் பங்கு கொடுத்துக்கொண்டிருந்தால், கடைக்காரர் மேலுள்ள விசுவாசத்துக்கு நல்ல விலை கொடுக்கிறார் என்றே சொல்ல வேண்டும். தாண்டாதவர் அவசரப்பட்டு வாடகைக்குக் கையெழுத்து வைத்தால் கடனில்தான் முடியும்.

அந்த 60 வீதமும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மயிலும் வேலும் கேட்டு ஒருவர் வருகிறார். மணிக்கு 100 பவுண், ஆறு மணி நேர வேலை. ஆனால் அந்த மயில் அதற்கு முன்பே இரண்டு இரவுகள், ஆறு மணி நேரம், ஐபேட் திரையில் தோகை விரித்திருக்கிறது. வேலை நாளில் கைதாங்கியில் பிளாஸ்டிக் சுற்ற வேண்டும், சிறு கிண்ணங்களில் மை ஊற்ற வேண்டும், தோலைச் சிரைத்துத் துடைத்து ஸ்டென்சிலை ஒட்டி, அது காயக் காத்திருக்க வேண்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் உரித்து எறிந்து மேசையைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். அதற்கு இன்னொரு மணி நேரம். 600 பவுணில் கடைக்கு 240 போக, ஊசி, மை, கையுறைச் செலவு 25 போக, மிஞ்சுவது 335. பதின்மூன்று மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 26 பவுணுக்கும் குறைவு. அதுவும் வரி கட்டுவதற்கு முன்.

இனி உரிமம். லண்டன் ஜெர்மின் தெருவில் சதர்லாந்து மெக்டொனால்ட் பச்சை குத்தி மேட்டுக்குடியினரிடையே பெயர் வாங்கியது 1890களில். சட்டம் வந்து சேர அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு ஆனது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பச்சை குத்துவதைத் தடை செய்தது. அப்பா கூடவே வந்து சம்மதம் என்று கையெழுத்து வைத்தாலும் குற்றம் குற்றம்தான். 1982இல் வந்த உள்ளூராட்சிச் சட்டம் ஆளும் கடையும் கவுன்சிலில் பதிய வேண்டும் என்றது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதிவுக்குப் பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை. முன்பு நீதிமன்றம் பதிவை ரத்துச் செய்திருந்தாலொழிய, விண்ணப்பித்தவரை மறுக்கும் அதிகாரம் கவுன்சிலுக்குக் கிடையாது. லண்டன் இதில் தனிவழி: 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரும்பாலான பகுதிகளில் 'சிறப்புச் சிகிச்சை' உரிமம் எடுத்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கட்டணமும் நிபந்தனையும் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறு. ஈஸ்ட் ஹாமில் இருந்தவர் ஹரோவுக்குக் கடை மாறினால் கவுன்சிலும் மாறும், பத்திரங்களை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

வேல்ஸ்தான் இதில் ஓர் எட்டு முன்னே போயிருக்கிறது. 2024 நவம்பர் 29 முதல் அங்கே பச்சை குத்துகிறவருக்கு நாடு முழுவதற்குமான தனி உரிமம் கட்டாயம். மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். தொற்றுத் தடுப்புப் பாடத்தில் தேறிய சான்றிதழ் வேண்டும். கடைக்கு வேறாக ஒப்புதல் வேண்டும். இங்கிலாந்தும் இதைச் செய்யாமல் இருப்பதற்கு நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை.

ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாம் காவல் நிற்பது வாடிக்கையாளரின் தோலுக்கு. ஊசி பிடித்தவரின் கூலி பற்றி அவற்றில் ஒரு வரி கிடையாது. தொழில் பழக வரும் பிள்ளை இதை முதலில் உணர்வான். ஓராண்டு ஈராண்டு தரை கூட்டி, தேநீர் போட்டு, செயற்கைத் தோலில் கோடு இழுத்துப் பழகுவதற்குச் சம்பளம் தராத கடைகள் உண்டு. பழக்குவதற்குக் காசு வாங்கும் கடைகளும் உண்டு. தகப்பன் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தபோதுகூட மணிக்கூலி இருந்தது.

கூலியைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் போக வேண்டிய இடம் தொழில் தீர்ப்பாயம். 2020இல் மான்செஸ்டரில் ஒரு சிகையலங்காரப் பெண்ணின் வழக்கு வந்தது. ஒப்பந்தத்தில் அவர் சுயதொழிலாளர்; வருமானத்தில் கடைக்கு 67 வீதம், அவருக்கு 33. ஆனால் வேலை நேரத்தையும் விலையையும் தீர்மானித்தது கடை; பாவிக்கும் பொருள்களும் கடை சொன்னவையே. காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் அவர் ஊழியர்தான் என்றது தீர்ப்பாயம். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்கள் தனி முதலாளிகள் அல்லர், விடுமுறைச் சம்பளத்துக்கும் குறைந்தபட்சக் கூலிக்கும் உரிமையுள்ள தொழிலாளர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பதினொரு மணிக்கு வா, செவ்வாய் லீவு கிடையாது, விலையை நான் சொல்வேன் என்கிற டாட்டூக் கடைக்காரருக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

கடைக்காரர்கள் 'சுயதொழில்' என்ற பெயரை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஊழியர் என்றால் முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்புறுதி 2025 ஏப்ரலிலிருந்து 15 வீதம். அதற்கு மேல் ஓய்வூதியம், விடுமுறை. வற் வரியும் இருக்கிறது. ஆண்டு விற்பனை 90,000 பவுணைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நாலு பேர் தலைக்கு 40,000 உழைத்தால், நாலு தனித் தொழில்களாக இருக்கும்வரை ஒருவரும் அந்த எல்லையைத் தொடுவதில்லை. எல்லாம் கடையின் வருமானம் என்று கணக்கிட்டால் 160,000.

விசா விஷயத்தில் இந்தப் பெயரே கழுத்தைப் பிடிக்கும். மாணவர் விசாவில் சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்தவருக்குச் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. வாரத்தில் 20 மணி நேரம் வேலை செய்யலாமே என்று நாற்காலி வாடகைக்கு எடுத்தால் விசா நிபந்தனையை மீறியவர் ஆவார். படித்து முடித்துப் பட்டதாரி விசா எடுத்தபின் அந்தத் தடை இல்லை. ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்து, நண்பரின் கடையில் ஒரு வாரம் 'கெஸ்ட்' ஆக உட்கார்ந்து காசு வாங்குவதும் சட்டவிரோதம்தான்.

தப்பித் தவறி எல்லாம் சரியாக அமைந்தவருக்கும் முதல் ஜனவரி ஒன்று காத்திருக்கிறது. செலவு போக ஆண்டுக்கு 30,000 பவுண் இலாபம் என்றால், 12,570க்கு மேற்பட்டதில் 20 வீதம் வருமான வரி, 6 வீதம் தேசியக் காப்புறுதி: மொத்தம் 4,500 பவுணுக்குச் சற்று மேல். இதை எதிர்பார்த்தவர்கூட அடுத்த ஆண்டுக்கான முற்பணமாக அதில் பாதியையும் சேர்த்துக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். ஜனவரி 31க்குள் ஏறக்குறைய 6,800 பவுண். வியாபாரம் செத்துக் கிடக்கும் மாதத்தில். மற்றப் பாதி ஜூலையில். தமிழ்க் கணக்காளர் அலுவலகங்களில் ஜனவரிக் கடைசி வாரத்தில் வாசல்வரை ஆள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தொழிலில் ஒப்பந்தம் பல இடங்களில் வாய்ப்பேச்சாகவே இருக்கிறது. அதுவும் தமிழருக்குள் என்றால் "அண்ணா பார்த்துச் செய்வார்" என்பதோடு சரி. இப்போதுதான் இயந்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடை தேடும் தம்பி தங்கைகள் சில விஷயங்களைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். பங்கா, வாடகையா, வேலை இல்லாத வாரத்தில் என்ன கணக்கு? கையுறையும் மையும் யாருடைய செலவு? வாடிக்கையாளர் கட்டும் முற்பணம் யாருடைய கணக்கில் விழுகிறது, விலகினால் அது யாருக்கு? கவுன்சில் உரிமத்தில் உங்கள் பெயரும் இருக்கிறதா? பதிலை வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுக்கிறவர் சொந்த மாமாவாக இருந்தாலும் அந்தக் கடை வேண்டாம்.