தங்கச்சியின் கேள்வித்தாள்

வார இறுதியில் பாலம் தாண்டிக் கேரி தீவு வீட்டுக்குப் போனால் எனக்கு ஒரே வேலைதான். கவுன்சலிங் பட்டம் முடித்த தங்கை, கவுன்சலர் வாரியத்தின் நேர்முகத்துக்குப் படிக்கிறாள். நான் கேள்வி கேட்க வேண்டும்.

1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் நம் நாட்டில் கவுன்சலராகத் தொழில் செய்யக் கூடாது. வாசித்தபோது சுருக்கென்றது. இரவு நிகழ்ச்சியில் என்னிடம் மனக்கஷ்டம் சொல்லாத நேயர் குறைவு. நான் படித்ததோ ஊடகத்துறை!

"வாழப் பிடிக்கலைன்னு ஒருத்தர் சொன்னா?"

"நேராவே கேட்கணும்க்கா, சாகணும்னு தோணுதான்னு. கேட்டா எண்ணத்தைத் தூண்டிடுவோம்னு பயப்பட வேணாம். தனியா விடக்கூடாது."

கையிலிருந்த தாளை மடித்து வைத்தேன். போன வருஷம் ஒரு நேயர் இதையேதான் சொன்னார். "எல்லாம் சரியாயிடும்ண்ணே" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டேன். ஆறுதல் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் அழைக்கவே இல்லை.

தங்கையிடம் சொன்னேன். திட்டவில்லை. பாட்டு எது என்று மட்டும் கேட்டாள். அப்புறம், 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கும் பெஃப்ரெண்டர்ஸின் எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

ஸ்டூடியோவில் மைக்குக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். அவர் குரல் கேட்டால் எனக்கு இன்னும் அடையாளம் தெரியும்.