யாருக்கு முதல் இடம்?

சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் மல்லுக்கட்டிய ஊர் சங்கரன்கோவில். அங்கே சாமியே பாதிப் பாதியாக வந்து வழக்கை முடித்துவிட்டார். ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் அப்படி முடித்துவைக்க ஆளில்லை. டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நாலு அமைப்பு, நாலு பட்டியல்!

வளர்ந்து வரும் வீரரை எதை வைத்து வரிசைப்படுத்துவது? நாக்அவுட் கணக்கை வைத்தா? சுமாரான ஆட்களை அடித்தாலும் அது ஏறுமே...

2021 டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதி. இந்தியாவின் சதீஷ்குமார், முகத்தில் தையலோடு, உலக சாம்பியன் ஜலோலோவ் முன்னால் 3 சுற்றும் நின்றார். 0-5 எனத் தோற்றார். ஜலோலோவோ அதற்குமுன் தொழில்முறையில் ஆடிய 8 போட்டிகளையும் நாக்அவுட்டில் முடித்தவர்.

பதிவேட்டில் சதீஷுக்கு அது வெறும் தோல்விதான். எத்தனை பேரை வீழ்த்தினார் என்பதோடு, யாரை எதிர்த்து நின்றார் என்றும் பார்த்தால்தானே அது நியாயமான வரிசை?