உகைர் கூடாரத்தில் ஒரு சிவப்புக் கோடு

வரலாறு எடுத்துப் படிப்பவர்களை நம் கல்லூரியில் சற்று இரக்கத்தோடு பார்ப்பது வழக்கம். “செத்துப்போன ராஜாக்களின் கதையைப் படித்து என்னப்பா செய்யப் போகிறாய்?” என்று என்னைக் கேட்காத வேதியியல் மாணவர் இல்லை. அவர்களுக்கு நான் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்வதுண்டு. 1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அவர் அங்கே ஒரு கடையில் கணக்கெழுதிக் கொண்டிருந்தார். ஒரு துணிப்பையோடு பேருந்து ஏறி, பஸ்ரா, பாக்தாத் வழியாக ஜோர்டானை அடைந்து, அம்மான் நகரில் ஏர் இந்தியா விமானத்துக்காக நாட்கணக்கில் காத்துக் கிடந்து ஊர் வந்து சேர்ந்தார். சேர்த்த பணமெல்லாம் அங்கேயே நின்று போயிற்று. “இது எங்கள் மாகாணம் என்றான் ஒருவன், எங்கள் நாடு என்றான் மற்றவன். இந்த எல்லையை எவன்டா போட்டது?” என்று அவர் பலமுறை கேட்டிருக்கிறார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நூலகத்துக்குள் நுழைந்தேன். தேடியது குவைத்தின் வடக்கெல்லை. என்னைப் பிடித்து நிறுத்தியதோ தெற்கெல்லையின் கதை. இரண்டுக்கும் பின்னால் இருந்த கை ஒன்றே. அது சர் பெர்சி காக்ஸ் என்னும் ஆங்கிலேயரின் கை.

காக்ஸ் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். பாரசீக வளைகுடாவை ஆங்கிலேயர் மேய்த்தது இலண்டனிலிருந்து மட்டுமன்று. இந்திய அரசின் அரசியல் துறை வழியாகவும்தான். அந்தத் துறையில் வளர்ந்து, புஷயர் துறைமுகத்தில் ரெசிடெண்டாக ஆண்டுக்கணக்கில் இருந்து, பின்னர் ஈராக்கின் ஹைகமிஷனர் ஆனவர் அவர். அரபு ஷேக்குகளின் குணமும் குலமும் அவருக்கு மனப்பாடம்.

1922-ஆம் ஆண்டின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நஜ்து நாட்டில் இபின் சவூத் நாளொரு மேனியாக வளர்ந்து வருகிறார். முந்தின ஆண்டுதான் ஹாயில் நகரைப் பிடித்திருக்கிறார். அவருடைய இக்வான் வீரர்கள் 1920 அக்டோபரில் குவைத்தின் ஜஹ்ரா கிராமத்தைத் தாக்கியிருந்தார்கள். அவர்களுக்கு அஞ்சிக் குவைத் மக்கள் தம் நகரைச் சுற்றி மண்சுவரே எழுப்பிவிட்டார்கள். ஈராக்கிலோ ஆங்கிலேயர் அமர்த்திய பைசல் மன்னர். சண்டை மூளாமல் இருக்க எல்லை வேண்டும் என்றார் காக்ஸ். நவம்பர் இறுதியில் அல்-ஹசா கடற்கரையில் உகைர் என்னும் சிறு துறைமுகத்தில் கூடாரங்கள் எழுந்தன. இபின் சவூத் நேரில் வந்தார். ஈராக்குக்காக அமைச்சர் சபீஹ் வந்தார். குவைத்துக்காக யார் வந்தார் என்கிறீர்கள்? மேஜர் மோர்! குவைத்திலிருந்த ஆங்கிலேயப் பொலிட்டிக்கல் ஏஜெண்ட்! குவைத்தின் ஷேக் அகமது அல்-ஜாபர் தம் ஊரிலேயே இருந்தார்.

அங்கே நடந்ததை நமக்குச் சொல்பவர் உடனிருந்த டிக்சன் என்ற அதிகாரி. ஐந்து நாள் வழக்காடினார்களாம். ரியாத்துக்குப் பன்னிரண்டு மைல் வரை எங்களுடையது என்றாராம் ஈராக் அமைச்சர். யூப்ரடீஸ் ஆறு வரை எங்களுடையது என்றாராம் இபின் சவூத். சந்தையில் மாடு பிடிக்கப் போனவர்கள்கூட இவ்வளவு கூட்டிக் குறைத்துக் கேட்கமாட்டார்கள்! ஆறாம் நாள் காக்ஸ் பொறுமை இழந்தார். பாலைவனத்துப் பெருவேந்தரைப் பள்ளிச் சிறுவனை அதட்டுவது போல் அதட்டினார். இபின் சவூத் கண்கலங்கும் நிலைக்கு வந்துவிட்டாராம். பிறகு காக்ஸ் ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து, வளைகுடாக் கரையிலிருந்து மேற்கே டிரான்ஸ்ஜோர்டான் பக்கம் வரை வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார். நஜ்து கேட்ட பெருநிலம் ஈராக்குக்குப் போயிற்று. அந்த இழப்பை ஈடு செய்யக் குவைத் தன்னுடையது என்று கருதிய நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இபின் சவூதுக்குப் போயிற்று. டிசம்பர் 2-ஆம் நாள் கையெழுத்தாயிற்று.

டிக்சன் இதை நூலாக வெளியிட்டது 1956-இல். தம் பிற்கால வாழ்வைக் குவைத்திலேயே கழித்தவர் அவர். ஆகையால் அந்தப் பாசம் எழுத்தில் கலந்திருக்கும் என்று கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்கிறேன். ஆனால் கோட்டைத் தள்ளுபடி செய்ய முடியுமா? அது தரையில் விழுந்துவிட்டதே!

எங்கள் துறைப் பேராசிரியர் வகுப்பில் காக்ஸின் கட்சி பேசுவார். “கோடு போடாவிட்டால் இபின் சவூத் முழுக் குவைத்தையும் விழுங்கியிருப்பார். மூன்றில் ஒரு பங்காவது மிஞ்சியதே” என்பார். மறுக்க எளிதில்லைதான். எனக்கு உறுத்துவது வேறு. குவைத் 1899-இலும் இபின் சவூத் 1915-இலும் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டவர்கள். ஈராக் ஆங்கிலேயரின் மேற்பார்வையில் இருந்த நாடு. அதாவது, வழக்காடிய மூவருக்கும் பின்னால் நின்றவரே தீர்ப்புச் சொல்பவராகவும் அமர்ந்திருக்கிறார். வலியவனை அதட்டிவிட்டு, எளியவனிடமிருந்து எடுத்து அவனுக்கே கொடுக்கிறார். அந்த எளியவனோ சபையிலேயே இல்லை. அவரை அழைத்து உட்கார வைத்துவிட்டு இதே கோட்டைப் போட்டிருந்தால் நானும் பேராசிரியர் கட்சியில் சேர்ந்திருப்பேன்.

இபின் சவூத் சொன்ன ஒரு வாதம் மட்டும் நினைத்து நினைத்து மகிழத்தக்கது. பாலைவனத்தில் நிலத்துக்கு எல்லை கிடையாது, குலத்துக்குத்தான் எல்லை என்றார் அவர். மழை எங்கே பெய்ததோ அங்கே ஒட்டகம் போகும். ஒட்டகம் போகுமிடம் மனிதன் போவான். எந்த ஆட்சியாளருக்கு ஜகாத் கட்டுகிறானோ அவருடைய குடி அவன். காக்ஸ் இதை முழுதும் ஒதுக்கிவிடவில்லை. ஈராக் பக்கம் சாய்சதுரமாக ஒன்றும் குவைத் பக்கம் ஒன்றுமாக இரண்டு நடுநிலைப் பகுதிகளை விட்டுவைத்தார். மேய்ப்பர்கள் இருபுறமிருந்தும் வந்து நீர் இறைக்கலாம். உகைரில் நடந்தவற்றுள் என் மனத்துக்கு நியாயமாகப் படுவது இது ஒன்றுதான். பின்னாளில் குவைத் பக்கத்துப் பகுதியில் எண்ணெய் கிடைத்தது. 1953-இல் வஃப்ராவில், பிறகு காஃப்ஜியில். 1965-இல் உடன்படிக்கை கண்டு, 1969-இல் நிலத்தைப் பிரித்துக் கொண்டார்கள். எண்ணெயை மட்டும் சரிபாதிப் பொதுவாகவே வைத்துக்கொண்டார்கள்.

கிணறுகளைப் பற்றியும் உகைரில் ஒரு விதி எழுதினார்கள். எல்லையை ஒட்டிய நீர்நிலைகளில் கோட்டை முதலியன கட்டலாகாது என்பது விதி. 1927-இல் ஈராக் அரசு புஸய்யா கிணறுகளருகே போலீஸ் காவல்நிலையம் எழுப்பியது. இது எல்லையை ‘ஒட்டியதா’ இல்லையா என்று அதிகாரிகள் அகராதி புரட்டினர். இக்வான் வீரர்கள் அகராதிக்குக் காத்திருக்கவில்லை. அந்த நவம்பரிலேயே பாய்ந்து அங்கிருந்தவர்களைக் கொன்றார்கள். ஆங்கிலேய விமானங்கள் குண்டு வீசின. கடைசியில் 1929-இல் சபிலாப் போரில் இபின் சவூதே தம்மை வளர்த்த அந்த வீரர்களை அடக்க வேண்டியதாயிற்று. ஒரு சொல்லின் பொருளில் எத்தனை உயிர்!

குவைத்துக்குத் திரும்புவோம். செய்தியை ஷேக் அகமதிடம் சொல்லக் காக்ஸ் நேரில் சென்றார். என்னைக் கேளாமல் ஏன் செய்தீர்கள் என்று ஷேக் வினவினார். கொடுக்காவிட்டால் இபின் சவூத் வாளால் எடுத்துக்கொண்டிருப்பார் என்பது காக்ஸின் பதில். ஷேக் சற்று நேரம் கழித்து இன்னொன்று கேட்டாராம்: இபின் சவூத் இறந்து, நானும் என் பாட்டனாரைப் போல் வலிமை பெறும் நாள் வந்தால், இந்த அநியாய எல்லையை நான் மறுத்துவிடலாமா? காக்ஸ் சிரித்துக்கொண்டே, தாராளமாக, ஆண்டவன் உமக்குத் துணை நிற்கட்டும் என்றாராம்.

ஷேக் அகமது 1950 ஜனவரியில் காலமானார். இபின் சவூத் இறந்தது 1953 நவம்பரில்.